ஸ்டியரிங்கை இறக்கி ஓட்டுகிறவர்கள் கை தூக்குங்கள்

போன சனிக்கிழமை ஒரு கார் சர்வீஸ் சென்டரின் வெயிட்டிங் ஹாலில் என் அம்மா திடீரென்று பரீட்சை நடத்தினார். எழுதியவர்கள் எல்லோரும் பாஸ். பரீட்சைக்கே வராத ஒருவர் மட்டும் ஃபெயில் — கார் கம்பெனி.

ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வரிசை தவறினால் தூக்கம் வராது.

அம்மா ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டதை இந்தப் பக்கத்தில் முன்பு எழுதியிருந்தேன். உங்களில் பலர் வாழ்த்து மெயில் அனுப்பினீர்கள். எங்கள் பக்கத்துச் சிட்லபாக்கம் வாசகர் ஒருவர் மட்டும் 'எந்தத் தெரு, எத்தனை மணிக்கு?' என்று கேட்டிருந்தார். அவருடைய கவலை எனக்குப் புரிந்தது.

அம்மா கணக்கு டீச்சர். ஸ்கூல் மாடம்பாக்கம் பக்கம். புதிதாக வந்திருக்கும் சின்ன கார் ஒன்றை, வெளிர்பச்சை நிறத்தில், தானே போய்த் தேர்ந்தெடுத்து வாங்கினார். வீட்டிலிருந்து கிளம்பி, ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் திரும்பி, ஸ்கூல் வாசலில் போய் இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விமானம் ஓட்டி வந்தவர் மாதிரி இருப்பார்.

ஆனால் ஒரு சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவே இல்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் காலடியிலும் ஒரு செட் பெடல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அங்கே கற்றுக்கொண்ட காலம் முழுக்க பிரேக் போட்டது அம்மாவா, மாஸ்டரா? அது மாஸ்டருக்கே வெளிச்சம். "நான் ஓட்டினேனா, இல்ல அவர் ஓட்ட நான் சும்மா உக்காந்திருந்தேனா?" என்று லைசன்ஸ் வந்த அன்றுகூட என்னைக் கேட்டார்.

இந்தச் சந்தேகத்தோடு புது காரில் ஏறினால், அந்தக் கார் நடுரோட்டில் நின்றால் என்ன நினைப்பார்?

கார் நின்றது.

தினமும் இல்லை. நேர்ரோட்டிலும் இல்லை. வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது — திடீரென்று இன்ஜின் ஆஃப். ஸ்டியரிங்கை நேராக்கி மறுபடி சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்.

"கிளட்ச்" என்றார் அப்பா. ஆபீஸ் ஜீப்பில் வருஷக்கணக்கில் ஊர் சுற்றியவர். அவருக்கு கிளட்ச்சைத் தாண்டி வேறு காரணம் கிடையாது.

"திருஷ்டி" என்றார் எதிர்வீட்டு மாமி. உடனே பம்பரில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் ஏறின. பழம் வாடியது. கார் அதன் பாட்டுக்கு நின்றது.

சர்வீஸ் சென்டரும் கிளட்ச் கட்சிதான். பெருங்களத்தூரைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில், கண்ணாடி மாளிகை மாதிரி இருக்கும். டை கட்டிய சர்வீஸ் அட்வைசர் காரை எடுத்துக்கொண்டு வண்டலூர் வரை போய்த் திரும்பி வருவார். "சூப்பரா ஓடுது மேடம். நீங்க கிளட்ச்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறீங்கன்னு நினைக்கிறேன்." பிறகு ஜாப் கார்டில் ஒரு வரி — 'கஸ்டமருக்கு ஓட்டும் முறை விளக்கப்பட்டது.' இரண்டாவது தடவையும் அதே வரி. மூன்றாவது தடவை விளக்கக்கூட இல்லை, எழுதிவிட்டார்கள்.

கார் வீட்டுக்கு வந்ததும் அம்மா முனகுவார். "இவங்களுக்கு வேற வேலையே இல்லையா? மறுபடியும் ஸ்டியரிங்கை பஸ் டிரைவர் மாதிரி தூக்கி வெச்சிருக்காங்க." அம்மா ஐந்தடிக்கும் குறைவு. சீட்டை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை முழுசாகக் கீழே இறக்கினால்தான் அவருக்கு ரோடு தெரியும். இந்த காரில் அந்த வசதி இருக்கிறது என்பதற்காகவே இதை வாங்கினார்.

என் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதாவது, 'இது சரியாக ஓடவில்லை' என்று சொல்வதும், 'எங்க மெஷின்ல நல்லாத்தானே ஓடுது' என்ற பதிலைக் கேட்பதும். எனவே நானே களத்தில் இறங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரி ஓரமாக. ஏ.சி. போட்டு, போடாமல். ஹெட்லைட் போட்டு, போடாமல். ஹாரன், வைப்பர், ரிவர்ஸ், மேடு, பள்ளம் — ஒன்று விடாமல் சோதித்தேன். வண்டி நிற்கவே இல்லை.

"உனக்கு நிக்கலை. உங்க அப்பாவுக்கு நிக்கலை. அந்த சர்வீஸ் தம்பிக்கு நிக்கலை. எனக்கு மட்டும் நிக்குது" என்றார் அம்மா. "இதுல கண்டுபிடிக்க இன்னும் என்ன இருக்கு?"

அடுத்த வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நின்றது. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷன். திரும்பி முடிப்பதற்குள் இன்ஜின் அடங்கிவிட்டது. பின்னால் தண்ணி லாரி. பிரேக் போட்ட சத்தத்தில் நான் டாஷ்போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். லாரியிலிருந்த தண்ணீர் சளீரென்று எங்கள் கூரைமேல் விழுந்தது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "இன்னாம்மா, நட்ட நடு ரோட்டுல கோலம் போடப் போறியா? தண்ணி தெளிச்சாச்சு, போடு."

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று வீட்டில் அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "போதும். லாரிக்காரன் நல்லவன், பிரேக் போட்டான். எல்லாரும் போடுவான்னு சொல்ல முடியுமா? திங்கட்கிழமையிலேருந்து ஒரு டிரைவருக்குச் சொல்லியிருக்கேன். நீ பின்னாடி உக்காந்து நோட்டு திருத்திக்கிட்டே போ."

அம்மா வாதாடுவார் என்று காத்திருந்தேன். வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"பசங்களுக்குக் கணக்கு வரலைன்னா டீச்சரைக் கேக்கறாங்க" என்றார் என்னிடம், பிறகு. "எனக்கு வண்டி வரலை. யாரைப் போய்க் கேக்கறது? சாவியைக் குடுத்துடறேன்."

இந்த நேரத்தில்தான் சர்வீஸ் சென்டரிலிருந்து போன். "மேடம், சனிக்கிழமை ஃப்ரீ செக்கப் கேம்ப். கட்டாயம் வண்டியைக் கொண்டு வந்துடுங்க."

கவனித்தீர்களா? இலவசம்... ஆனால் கட்டாயம். வெளிநாட்டில் இதற்கு ரீகால் என்று பெயர். 'நாங்கள் செய்த காரில் பிழை இருக்கிறது, கொண்டு வாருங்கள்' என்று பேப்பரிலேயே போடுவார்கள். நம் ஊரில் அதே விஷயம் முகாமாகிவிடும். கண் பரிசோதனை முகாம் மாதிரி. வாசலில் பேனர், பலூன், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சாக்லேட். பிழை என்ற பேச்சே இருக்காது.

அம்மாவுக்குப் போக மனமே இல்லை. "மறுபடியும் கிளட்ச் பாடம் நடத்துவாங்க" என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார். டிரைவரிடம் காரை ஒப்படைக்கும்போது நல்ல கண்டிஷனில் ஒப்படைக்க வேண்டுமாம். நான்தான் ஓட்டிப் போனேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

வெயிட்டிங் ஹாலில் எங்களை மாதிரி நிறைய பேர். எல்லோருமே அதே மாடல் காரின் சொந்தக்காரர்கள். எல்லோருமே டி.வி.யில் சத்தம் இல்லாமல் ஓடிய கிரிக்கெட்டை உற்றுப் பார்த்தார்கள். ஒருவரும் ஒருவரிடமும் பேசவில்லை. 'உங்க வண்டி எப்படி?' என்று யாராவது கேட்டு வைத்தால்? 'நடுரோட்டில் நிற்கிறது' என்று சொன்னால், ஓட்டத் தெரியவில்லை என்றல்லவா அர்த்தம்?

அம்மா டை கட்டிய அட்வைசரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டியில என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல மேடம். சின்ன கிளிப் போடறோம். ஒரு ஒயரைக் கொஞ்சம் தள்ளிக் கட்டறோம்."

"எந்த ஒயர்?"

"ஸ்டியரிங்குக்கு அடியில போறது மேடம்."

"அதை இப்ப எதுக்குத் தள்ளிக் கட்டணும்?"

"கம்பெனி சர்க்குலர் மேடம். சும்மா ஒரு முன்னெச்சரிக்கை."

அவர் நழுவினார். அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீ வண்டியில ஏறினதும் முதல்ல என்ன பண்ணுவே?"

"சீட்டைப் பின்னாடி தள்ளுவேன்."

"அப்புறம்?"

"ஸ்டியரிங்கை மேல..."

ஏரி ஓரம் அத்தனை சோதனைகளையும் தொடங்குமுன் நான் முதலில் செய்ததும் அதுதான். நான் அப்பா மாதிரி உயரம். முட்டி இடிக்கும்.

அம்மா எழுந்து நின்றார். கடைசி பெஞ்ச் வரை கேட்கிற குரல் ஒன்று அவரிடம் உண்டு.

"எல்லாரும் ஒரு நிமிஷம். ஸ்டியரிங்கைக் கீழ இறக்கி வெச்சு ஓட்டறவங்க யாரு? கை தூக்குங்க."

டி.வி. முன்னால் இருந்த தலைகள் திரும்பின. பொத்தேரி காலேஜில் லெக்சரர் என்று பின்னால் தெரியவந்த ஒரு பெண் உடனே தூக்கினார். இன்னும் சில கைகள். எல்லாம் குட்டையானவர்களின் கைகள்.

"உங்கள்ல யாருக்கு வண்டி திரும்பும்போது நின்னுது? அவங்க மட்டும் தூக்கினபடியே இருங்க."

ஒரு கைகூடக் கீழே இறங்கவில்லை. அதோடு புதிதாக ஒரு கையும், தயங்கித் தயங்கி, மேலே வந்தது. பெரிய மீசை, சின்ன உருவம், பேங்க் ஆபீசர். பக்கத்திலிருந்த அவர் மனைவி அந்தக் கையையே பார்த்தார்.

"ஏங்க, அன்னிக்குப் பல்லாவரத்துல பெட்ரோல் தீந்துடுச்சுன்னீங்களே?"

"கொஞ்சம் சும்மா இரு."

"அப்ப தீரலையா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. லெக்சரர் மட்டும் சிரிக்காமல் சொன்னார் — "எனக்கு அடிக்கடி நிக்குது டீச்சர். எங்க வீட்ல, உனக்கு ஸ்கூட்டியே போதும்னு சொல்லிட்டாங்க."

அதற்குள் அம்மா எல்லோருக்கும் டீச்சர் ஆகிவிட்டிருந்தார்.

"மேல வெச்சு ஓட்டறவங்க சொல்லுங்க. உங்களுக்கு நின்னுதா?"

வாசலில் நின்ற ஆறடி ஆள் உதட்டைப் பிதுக்கினார். "நமக்கு நின்னதே இல்லை டீச்சர். ஃப்ரீன்னாங்க, வந்தேன்."

அம்மா உட்கார்ந்தார். "நான் இல்லைடி" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பிறகு நடந்தவை நீங்கள் ஊகிக்கக்கூடியவைதான். மேனேஜர் ஓடி வந்தார். கை தூக்கியவர்களை மட்டும் ஏ.சி. ரூமுக்கு அழைத்துப் போனார். எல்லோருக்கும் மாம்பழ ஜூஸ். ஸ்டியரிங்கைக் கீழே இறக்கினால் அந்த ஒயர் கொஞ்சம் அழுந்துமாம். அதோடு முழுசாக ஒடித்தால் கனெக்‌ஷன் விட்டுப் போகுமாம். "ரொம்ப ரேர் மேடம். அதான் இப்ப சரி பண்ணிட்டோமே."

"காரைச் சரி பண்ணிட்டீங்க" என்றார் அம்மா. "என்னைத் தப்புன்னு மூணு தடவை எழுதினீங்களே, அதை எப்பச் சரி பண்ணுவீங்க?"

"சிஸ்டத்துல அதுக்கெல்லாம் ஆப்ஷன் இல்லையே மேடம்."

நான் வாயைத் திறந்தேன். "ரிமார்க்ஸ்னு ஒரு பாக்ஸ் இருக்குமே சார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"சாஃப்ட்வேர் டெஸ்டிங்."

பெருமூச்சு விட்டு டைப் அடித்தார். பிரிண்டர் கிறீச்சிட்டது. 'பழுது காரில். கஸ்டமர் டிரைவிங் ஓகே.' லெக்சரரும் ஒன்று கேட்டு வாங்கினார். பேங்க் ஆபீசர் மட்டும், "எனக்கும் குடுங்க, ஆனா பெட்ரோல் விஷயம் எதுவும் வேண்டாம்" என்றார்.

இதில் பிழை செய்ததற்காக நான் கம்பெனிமேல் கோபப்படமாட்டேன். பிழை இல்லாத பொருளை நான் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தால் எனக்கு வேலை போய்விடும். ஆனால் இந்தக் காரை ஓட்டிப் பார்த்து நல்லது என்று சொன்னவர்களில் ஒருவர்கூடவா குட்டையாக இல்லை? எனக்கு நிற்கவில்லை, அதனால் உனக்கும் நிற்காது — உயரமானவர்கள் எவ்வளவு சுலபமாக இந்த முடிவுக்கு வந்துவிடுகிறோம்...

அப்பா அந்தப் பேப்பரைப் போர்ட்டிகோவில் நின்றபடியே படித்தார். உள்ளே போய் டிரைவருக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதற்கு ஆப்ஷன் கிடையாது. ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். சீட்டை முன்னால் இழுத்தார். ஸ்டியரிங்கை முழுசாக இறக்கினார். முட்டி இரண்டும் தாடையை இடிக்க, தெருவில் இருக்கிற அத்தனை திருப்பங்களிலும் ஒடித்து ஒடித்துத் திருப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"நிக்கலை" என்றார். "எடுத்துட்டுப் போ."

திங்கட்கிழமை காலை அம்மா காரை எடுத்தார். ரிவர்ஸில் வெளியே வரும்போது டமார் என்று ஒரு சத்தம். கேட் தூணில் இடித்து, பின்பக்க விளக்கு உடைந்து சிதறியது.

அப்பா வாசலுக்கு ஓடி வந்தார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

அம்மா நிதானமாக இறங்கிப் போய்ப் பார்த்தார். பதற்றமே இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"கம்பெனிக்குப் போன் பண்ண வேண்டாம்" என்றார். "இது நான்தான்."

ஏறி உட்கார்ந்து ஸ்கூலுக்குக் கிளம்பினார்.