பல்செட் அக்காவின் நீலக் கீற்று

மாடிக்கு வந்ததும் அக்கா முதலில் செய்வது, ஒரு கறுப்புக் குடையை விரித்துக் கைப்பிடிச் சுவரில் கட்டுவதுதான். எதிரே தெருவிளக்கு, அதன் வெளிச்சத்தை மறைக்கத்தான். அதனால் மழை இல்லாத மாலைகளில்தான் அந்தக் குடைக்கு வேலை. பிறகு தொலைநோக்கியின் மூடியைக் கழற்றுவார், அதன் பின்னால் திருகியிருக்கும் கேமராவை உயிர்ப்பிப்பார், மடிக்கணினியில் நாலு பொத்தானை அமுக்குவார். இனி விடியும்வரை கருவி தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். அக்கா கீழே போய்ப் படுத்துவிடுவார். "ராத்திரி பூரா முழிச்சிட்டிருந்தா காலையில யாரோட பல்லையாவது கோணலா வச்சிருவேன்" என்பார்.

பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்வது அவர் தொழில். மெழுகில் ஈறு பிடித்து அதில் பற்களை ஒவ்வொன்றாக நடுவார். ஊருக்கெல்லாம் பல் கட்டுகிற அவருக்கு முன்பல்லில் ஒரு சின்ன உடைசல். கேட்டால், "அது ஒரிஜினலு, அதுல கை வைக்க மாட்டேன்" என்று பதில் வரும். செட்டை மாட்டிக்கொண்டவரை நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார். நீலம் ஒட்டிய மேட்டைத் தேய்ப்பார். மறுபடி தாள், மறுபடி தேய்ப்பு. "போதும்க்கா, பாவம் அவர் சாப்பிடப் போகணும்" என்று டாக்டரம்மா கெஞ்சும்வரை விடமாட்டார். மனசுக்குத் திருப்தி வந்துவிட்டால் செட்டின்மேல் நகத்தால் இரண்டு தட்டு. அத்தோடு அதற்கு விடுதலை. நல்ல பல்செட் என்றால் அது யார் கண்ணிலும் படக்கூடாது. பாராட்டுக்கு வழியே வைக்காத தொழில்.

மாடியில் அவர் பிடிப்பது நெபுலாக்களை. நட்சத்திரங்களுக்கு நடுவே பரந்து கிடக்கும் வாயு மேகங்கள், வெறும் கண்ணுக்கு எட்டாத மங்கல். ஆனால் ஹைட்ரஜன், ஆக்ஸிஜன், கந்தகம் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிரும். அந்த ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விட்டு, தெருவிளக்கு, நிலா எல்லாவற்றையும் வாசலோடு திருப்பி அனுப்பும் ஃபில்டர்கள் மூன்று அக்காவிடம் உண்டு. அப்படி வாரக்கணக்கில் சேர்ந்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பொரிப்பொரியான புள்ளிகள் அடங்கி மேகம் மெல்ல எழுந்து வரும். பிறகு மூன்று வாயுவுக்கும் மூன்று நிறம் கொடுப்பார்.

"இந்தக் கலரெல்லாம் நிஜமாக்கா?" என்று டாக்டரம்மா ஒருமுறை கேட்டார்.

"பல்செட்டு நிஜமா? ஆனா கடிக்கிறது நிஜம்தானே. கலரு நான் வச்சது டாக்டர். உருவம் அதோடது. அதுல நான் கை வைக்கிறதில்ல."

போன மாதம் ஆக்ஸிஜன் படங்களை அடுக்கியபோது மேகத்தின் ஓரத்தில் ஒரு கீற்று தெரிந்தது. வெட்டிப் போட்ட நகம் மாதிரி மெலிதாக, வளைவாக. வேறு எவர் எடுத்த படத்திலும் அது இல்லை. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்கு நீலம் கொடுத்தார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. நாளுக்கு நாள் கீற்றின் அழகு கூடிக்கொண்டே போனது. அக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுநர். படத்தைத் தன் போனின் முகப்பில் வைத்துக்கொண்டு, டிப்போவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்திக் காட்டினார். டாக்டரம்மாவோ ஒரு படி மேலே போய், படத்தைப் பெரிதாக்கி நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னார். கீழே 'கண்டுபிடித்தவர்' என்று அக்காவின் பெயர்.

அங்கேதான் அக்காவுக்கு உறுத்தல் தொடங்கியது. பக்கத்தில் இருக்கும் பிரகாசமான நட்சத்திரத்தின் வெளிச்சம் ஃபில்டரில் பட்டுத் தெறித்தாலும் இப்படி ஒரு கீற்று விழும். சோதிப்பது சுலபம். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி எடுக்க வேண்டும். கீற்று மேகத்தோடு அதே இடத்தில் நின்றால் வானத்துடையது. இடம் மாறினால் நம் ஃபில்டர் கண்ணாடியுடையது. பல்லுக்கு மூன்று தரம் நீலத்தாள் வைக்கிறவர், இதற்கு மட்டும் நாளைக் கடத்தினார். ஒருநாள் மேகமூட்டம், ஒருநாள் திருகு இறுகிப்போயிருந்தது, ஒருநாள் இடுப்பு வலி.

சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்ட வீட்டுக்காரர், போனை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சேந்துதான் சுத்துது. அப்ப நிஜந்தான்."

அக்கா சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. இத்தனை வருசத்துல என் பேரு போட்டு ஒண்ணு வருது. அது பொய்யாப் போச்சுன்னா?"

"பாக்காம விட்டா உனக்குத் தூக்கம் வருமா?"

அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அக்கா திருகைத் தளர்த்தினார். அடுத்தடுத்துத் தெளிவான இரவுகளாக வாய்த்தன. படங்கள் சேர்ந்த அன்று காலை, பல் துலக்குமுன் மடிக்கணினியைத் திறந்து பழைய படத்தின்மேல் புதியதைப் பொருத்தினார். நட்சத்திரங்கள் நட்சத்திரங்களோடு சரியாக உட்கார்ந்தன. மேகம் இருந்த இடத்தில் இருந்தது. கீற்று மட்டும் எழுந்து வேறு பக்கம் போயிருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதமாகச் சொந்தக் கண்ணாடியில் பட்ட வெளிச்சத்தையா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினோம் என்று நினைத்தபோது, கலங்கின கண்ணோடு சிரிப்பும் வந்தது.

"அப்படியே இருந்துட்டுப் போகட்டுமேக்கா. அழகாத்தானே இருக்கு. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் டாக்டரம்மா.

"செட்டுல ஒரு மேடு இருந்தா பாக்குறவங்களுக்குத் தெரியாது டாக்டர். போட்டுக்கிறவங்களுக்குக் குத்தும்."

கீற்று இல்லாத படம்தான் கூடத்தில் ஏறியது. 'கண்டுபிடித்தவர்' போய், 'படம் எடுத்தவர்' என்று வந்தது. பல்வலியோடு காத்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்தபடியே அதை அண்ணாந்து பார்க்கிறார்கள்.

படம் மாட்டிய அன்று மாலை குடையைக் கட்ட வீட்டுக்காரரும் மாடிக்கு வந்தார். அவர் போன் ஒளிர்ந்தபோது முகப்பில் பழைய படம், நீலக் கீற்றோடு.

"அதையும் எடுத்துடுங்க" என்று அக்கா போனை வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. வானத்துல இல்லாட்டி என்ன, நம்ம வீட்டுல இருந்ததுதானே."

அக்கா கீற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை அவர் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார்.