நாக்கைத் தூக்கிக் காட்டு

சூளகிரி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனியின் முதலுதவி அறை நர்ஸ் ராஜாத்தி அக்கா. வியாழக்கிழமை வந்தாலே உற்பத்தி லைனில் நிற்கிற பெண்கள் கழிப்பறைப் பக்கம் நழுவப் பார்ப்போம். அன்றுதான் அக்கா சிவப்பு மாத்திரையோடு வருவாள். இரும்புச் சத்தும் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்தது, ரத்தம் ஊறுவதற்கு. கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். "முழுங்கு. வாயத் தொற. நாக்கத் தூக்கிக் காட்டு" என்று எதிரிலேயே நிற்பாள். ஏமாற்றப் பார்த்து நானே இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

அக்காவுக்குச் சொந்த ஊர் கல்லாவி. கல்யாணம் காட்சி இல்லை. தங்கை மோகனப்ரியாதான் அவளுக்கு எல்லாம். அந்தத் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய். வழக்கமான மருந்தெல்லாம் கைவிட்டபிறகு, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சோதனை மருந்துக்குச் சேர்த்துக்கொண்டார்கள். நான்கு மாதம் ஊசி ஏறியது. ஸ்கேன் முடிவு சொல்லக் கூப்பிட்ட அன்று அக்கா, தங்கையோடு நானும் போனேன். இருவருக்கும் கன்னடம் வராது; எனக்குக் கர்நாடக எல்லையிலிருக்கும் தளி, கன்னடம் தண்ணீர்பட்ட பாடு.

கட்டி சுருங்கவில்லை, வளர்ந்திருக்கிறது என்றார் டாக்டர்.  அதை எப்படியோ தமிழில் சொன்னேன்.

டாக்டர் காகிதத்தில் ஒரு வட்டம் போட்டார். கொழுப்பால் ஆன நுண்ணிய குமிழி அது. மருந்து அதற்குள்ளே இருக்கிறது. குமிழியின் மேற்பரப்பெங்கும் ஃபோலிக் ஆசிட்டை ஒட்டியிருக்கிறார்கள். இந்தப் புற்று செல்களுக்கு அதன்மேல் அப்படி ஆசை. பிடித்து உள்ளே இழுக்கும்போது மருந்தும் சேர்ந்து போய்விடும்.

"ஆனா வெளியிலருந்து ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டா, செல்லு அதப் புடிச்சிக்குமாம். குமிழியக் கிட்டச் சேக்காதாம். சத்து மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டாங்களான்னு கேக்கறாரு" என்றேன்.

சொல்லிக்கொண்டே அக்காவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாந்தான் குடுத்தேன். தெனம் ஒண்ணு. நாலு மாசமா."

சத்து மாத்திரை எதுவும் கூடாது என்று, சேரும்போது கொடுத்த எட்டுப் பக்கத் தமிழ்ப் படிவத்திலேயே இருந்ததாம். அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள் இவள்தான். படிக்கவே இல்லை. நர்ஸாம் நர்ஸ்! எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே அவளை அறைந்திருப்பேன்.

ஆனால் நான் கன்னடத்தில் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் மருந்து தோற்றுவிட்டதென்று சொல்ல முடியாது, மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி ஊசி போட அனுமதி கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

அக்கா அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பாவியாவே இருந்துட்டுப் போறேன் காவியா. மறுபடி போடச் சொல்லு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மோகனப்ரியா மெல்லச் சொன்னாள். "நான் முழுங்கலக்கா."

"என்னடி?"

"ஒண்ணுகூட முழுங்கல. வேணாம்னு அந்தப் பாரத்துல போட்டிருந்துச்சு. சொன்னா நீ சண்டைக்கு வருவே. அதான் நாக்குக்கு அடியில வெச்சிருந்து, நீ அந்தாண்ட போனதும் துப்பிடுவேன்."

அப்படியென்றால் மருந்துதான் தோற்றிருக்கிறது, மறுபடி ஊசிக்கு வழியில்லை. கம்பெனியில் இருநூறு பேர் வாயைத் திறந்து பார்த்தவள், தங்கையின் வாயை மட்டும் பார்த்ததே இல்லை.

என்ன சொல்கிறார்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தங்கையின் மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"முழுங்கினேன்னு சொல்லுடி, பிரியா."