கோபுரத்தைச் சுற்றிய ஞாயிறு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, சோலாப்பூர் தாபா, லாரி, வெல்டிங் பட்டறை என்று அலைந்தபின் பூனா பக்கம் சாகணில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஃபிட்டராக ஒட்டிக்கொண்டேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். இத்தாலியில் ஒரு கம்பெனி தன் பழைய பிரஸ் மெஷினை எங்களுக்கு விற்றது. அதைக் கழற்றிக் கப்பலேற்ற இரண்டு பேரை அனுப்பினார்கள். ஒருவன் நான். இன்னொருவர் பூனாவில் விஷ்ராந்த்வாடியில் குடியிருந்தவர், சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

நாங்கள் புறப்பட்டபோது அவருடைய அம்மாவுக்குக் கால் விரலில் சின்னப் புண். சர்க்கரை வியாதி. நாங்கள் அங்கே போல்ட் கழற்றிக்கொண்டிருந்த நாட்களில் இங்கே பாதம் கறுத்துவிட்டது. முழங்காலுக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். "ரெண்டு காலோடதான் போவேன்" என்றாள் அம்மா. ஒரே மகன். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் முடிவாகச் சொன்னதும் பூத்திலிருந்து கூப்பிடுகிறேன், எடுக்கலாமா வேண்டாமா என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அண்ணி சொல்லியிருந்தார். எங்களிடம் போன் இல்லை. எங்களைக் கவனித்துக்கொண்ட கம்பெனிக் கிழவரின் மொபைல் எண்தான் அண்ணியிடம் இருந்தது.

கிழவர் நல்லவர். லீவு நாளில் அறையில் அடைந்து கிடக்க வேண்டாமென்று ஒரு பழைய மாளிகைக்குக் கூட்டிப்போனார். அறை அறையாகப் போனோம். கூரையெல்லாம் மேகமும் தேவதைகளும். ஏதோ ஒரு பிரபு படுத்த கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் எதையும் பார்க்கவில்லை. கிழவரின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

பின்னால் தோட்டம். அதில் ஆளுயரத்துக்கு மேல் வெட்டிவிட்ட செடிகள் சுவர்போல வளைந்து வளைந்து போயின. நடுவில் ஒரு கல் கோபுரம்.

"இந்தியில பூல்புலையான்னுவாங்களே, அதுடா இது. உள்ள பூந்தா வழி தெரியாது" என்றார் அண்ணன். ஆனால் கிழவரோடு போன் உள்ளே போகிறது. நாங்களும் போனோம்.

கிழவர் பழகிய ஆள். ஒரு வளைவில் திரும்பினார், காணவில்லை. கொஞ்ச நேரத்தில் கோபுரத்தின் மேல் நின்று சிரித்தபடி கையாட்டினார்.

"பயப்படாத. கோபுரத்த வலப்பக்கமா வச்சிக்கினே சுத்துவோம். எங்கனா வாசல் வந்துதானே ஆவணும்?" என்றார் அண்ணன். தினமும் பிள்ளையார் கோயிலைச் சுற்றிவிட்டுத்தான் ஷிஃப்டுக்கு வருகிறவர். சுற்றினோம். ஒடிந்து தொங்கிய ஒரு கிளை மறுபடி வந்தது. பிறகும் வந்தது.

அப்போது போன் அடித்தது. மேலே, தெளிவாக. கிழவர் காதில் வைத்துக் கேட்டார், பிறகு அதை உயர்த்திப் பிடித்து, "பூனா! பூனா!" என்று கத்தினார். இடது கையை வீசி வீசி வழி காட்டினார். எங்கள் பக்கத்திலேயே இடப்புறம் ஒரு திறப்பு இருந்தது. கோபுரத்துக்கு முதுகு காட்டிப் போய் எதிர்ச்சுற்றாக வளைகிற வழி.

"அண்ணே, இந்தப் பக்கம் போகச் சொல்றாரு."

"அம்மா அப்பிடிக் கெடக்கும்போது அப்பிரதட்சணமா சுத்தச் சொல்றியா? வாயக் கழுவு."

"இது கோயில் இல்லண்ணே!"

அவர் கேட்கவில்லை. செடியை நெஞ்சால் முட்டித் திறக்கப் பார்த்தார். உள்ளே இரும்புக் கம்பி வேலி. முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. "ஒரு நிமிசம் இருக்கச் சொல்லுங்க சார்!" என்று தமிழில் கத்தினார். கிழவர் போனை இறக்கிப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

பிறகு அவரே இறங்கி வந்து, அந்த இடப்புறத் திறப்பு வழியாகவே எங்களைக் கூட்டிப்போனார். சீக்கிரமே சேர்ந்துவிட்டோம். கோபுரத்தடியில் நின்று அந்த எண்ணுக்குத் திருப்பிக் கூப்பிட்டோம். பூத்காரர் எடுத்து, பேச வந்த பெண் கிளம்பிப் போய்விட்டாள் என்று மராத்தியில் சொன்னார். ஆஸ்பத்திரி எண் எங்களிடம் இல்லை. கிழவர் எங்களை மேலே ஏற்றி போட்டோ எடுத்தார். அங்கிருந்து பார்த்தால் எல்லா வழியும் தெரிந்தது. அண்ணன் கீழே பார்க்கவே இல்லை.

காலை எடுத்துவிட்டார்கள். சம்மதம் சொன்னது அண்ணி.

திரும்பி வந்தபின் ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி டீ கொண்டுவந்தபோது, "எம்புள்ள இங்க இருந்திருந்தா வாணாம்னு சொல்லியிருப்பான். இவ கூட்டினு போயி வெட்டிட்டா" என்றாள் என்னிடம். அண்ணி தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். "அன்னைக்கு போன் கைக்கு வந்திருந்தா என்னண்ணே சொல்லியிருப்பீங்க?"

"எடுத்துடுன்னுதான். வேற இன்னா சொல்றது?"

"அத அம்மாகிட்ட சொல்லலாமே."

"நான் வாணாம்னு சொல்லியிருப்பேன்னு நெனச்சிக்கினுதான் அது சோறு துன்னுது. அதையும் புடுங்கச் சொல்றியா?"

"அப்ப அண்ணி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.