கடனுக்கு உட்கார வந்தவர்கள்

எங்கள் ஊரில் குழுக் கடன் வாங்காத வீடு குறைவு. ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் கம்பெனிக்காரர்கள் கடன் கொடுப்பார்கள். நகையோ பத்திரமோ கேட்பதில்லை. அதற்குப் பதில் ஒருவருக்கு ஒருவர் பொறுப்பு. வாரா வாரம் செவ்வாய்க்கிழமை தவணை. ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். அதுவும் முடியாமல் போனால் எல்லாரும் அவள் வீட்டில் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை எழுந்து வரக் கூடாது.

நானும் ஒன்றிரண்டு வீடுகளில் போய் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். சுவர் ஓரமாக இடம் பார்த்துக்கொள்வேன். பேசுகிறவர்கள் பேசுவார்கள். அவர்கள் எழுந்தால் நானும் எழுந்து வந்துவிடுவேன். யாரிடமும் போய் ஒன்று கேட்பதோ, கேட்டதற்கு மறுபேச்சுப் பேசுவதோ எனக்கு வராது. பத்தாவது படிக்கும்போதும் அப்படித்தான், நாற்பது தாண்டியும் அப்படித்தான்.

நான் கடன் வாங்கியது புளிய மரத்துக்காக. என் வீட்டுக்காரர் பல வருஷமாகப் புளி உலுக்கும் கூலிக்குப் போகிறவர். சித்தேரி மலையடிவாரத்திலும் கடத்தூரைச் சுற்றியுள்ள காடுகளிலும் இருக்கிற மரங்களை வியாபாரிகள் பிஞ்சிலேயே குத்தகைக்குப் பேசிவிடுவார்கள். மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, இவ்வளவு காய் இறங்கும் என்று மதிப்புப் போட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு காற்றடித்தாலும் மழை பெய்தாலும் குத்தகைக்காரர் பாடு. என் வீட்டுக்காரரின் மதிப்பு தப்பாது என்பதால் மரம் பார்க்க அவரைத் துணைக்குக் கூட்டிப் போவார்கள்.

அந்த வருஷம் அவர் சொன்னார்: “அடுத்தவனுக்கே பாத்துப் பாத்துச் சொல்றன். ஒரு வருசம் நாமளே எடுத்தா என்னா?”

நான் குழுவில் கடன் எடுத்துக் கொடுத்தேன். அவர் சில மரங்களைக் குத்தகைக்குப் பேசினார். அவர் போட்ட மதிப்பும் சரியாகத்தான் இருந்தது. மரம் நிறையக் காய் இருந்தது. நாங்கள் தப்புச் செய்தது வேறு இடத்தில். கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை. மரம் ஏற அவர் இருக்கிறார், கொட்டை எடுக்க நான் இருக்கிறேன், வீட்டு ஆளுக்கு என்ன கூலி என்று விட்டுவிட்டோம். எந்த வியாபாரியும் இப்படிச் செய்ய மாட்டார். அவருக்கு மரம் ஏறத் தெரியாது, அதனால் ஏறுகிறவன் கூலியை முதலில் எழுதுவார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வேலை கைவந்த வேலை. அதனாலேயே அது ஒரு செலவாக எங்கள் கண்ணில் படவில்லை.

மாசி மாதம் உலுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் அவர் மரத்திலிருந்து விழுந்தார். பெரிய உயரம் இல்லை, தாழ்ந்த கிளைதான். ஆனால் கையை ஊன்றி விழுந்ததில் வலது முன்கை எலும்பு உடைந்துவிட்டது. கைமாற்று வாங்கி ஆஸ்பத்திரிக்குப் போனோம், கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மீதி மரங்களுக்கு ஆள் வைத்து உலுக்கினோம். பொறுக்கவும் ஆள், ஏற்றி வர வண்டி. கையில் வைத்திருந்த பணம் எல்லாம் அதில் போய்விட்டது. புளி மட்டும் வீடு வந்து சேர்ந்தது. உள் அறையில் உத்தரத்தைத் தொடுகிற மாதிரி குவிந்து கிடந்தது. நாங்கள் சமையல் செய்யும் பக்கத்திலேயே படுத்துக்கொண்டோம்.

புளியை அப்படியே விற்க முடியும். ஆனால் கொட்டை எடுத்த புளிக்குக் கிடைப்பதில் பாதி விலைகூட வராது. ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை. நான் ஒருத்தியாக விடிந்ததிலிருந்து தட்டினேன். குவியல் குறைந்த மாதிரியே தெரியவில்லை. புதுப்புளி செம்மண் நிறத்தில் இருக்கும்போதே விற்றுவிட வேண்டும். வெயில் காலம் போகப் போகக் கறுத்துவிடும், விலையும் இறங்கிவிடும்.

தவணை நிற்கவில்லை. முதலில் கம்மலை அடகு வைத்துக் கட்டினேன். அது தீர்ந்ததும் ஒரு வாரம் குழுத் தலைவி போட்டுக் கட்டினார். அடுத்த வாரம் மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் எல்லாரும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

தலைவி முன்னால் வந்தார். ஊருக்குக் கிழக்கே ஒரு ஏக்கர் கேழ்வரகும் கடலையும் வைத்திருக்கிறவர், என்னைவிட மூத்தவர். அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு அக்கா. பஸ் நிறுத்தத்தில் இட்லிக் கடை போட்டிருப்பவர். அவர் வாய்க்கு ஊரே பயப்படும். இன்னும் மூன்று பேர். வசூலுக்கு வருகிறவர் வாசலில் வண்டியை நிறுத்தி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இடம் இல்லை. புளிக் குவியலைச் சுற்றி எங்கே இடம் இருந்ததோ அங்கே உட்கார்ந்தார்கள். நான் சுவரோடு நின்றேன்.

“நின்னுக்கிட்டே இருந்தா ஆச்சா?” என்றார் இட்லிக்கடை அக்கா. “எம் பொண்ணு பன்னெண்டாவது முடிக்கறா. நர்ஸிங் சேக்கணும். இந்தக் கடன் ஒழுங்கா முடிஞ்சாத்தான் எனக்கு அடுத்தது வரும். உன்னால மொத்தக் குழுவுக்கும் நின்னு போவும், தெரியுமில்ல?”

எனக்குத் தெரியும். இரவும் பகலும் அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

“அவளக் கேட்டு என்னாத்துக்கு? வாயில கொழுக்கட்டையோட பொறந்தவ” என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

இட்லிக்கடை அக்கா குவியலைக் காட்டினார். “வூடு நெறையப் பொருள வச்சிக்கிட்டு இல்லங்கறீங்களே. யாவாரியக் கூப்புட்டு இன்னிக்கே போட்டுடுங்க.”

கட்டுப் போட்ட கையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சொன்னார்: “கொட்டையோட போட்டா வாங்குன கடன்ல பாதிதாங்க தேறும். மீதிய எப்படிக் கட்டறது?”

“மீதி உங்க பாடு. இன்னிக்குத் தவணை வருமில்ல?”

இட்லிக்கடை அக்கா சொன்னதில் தப்பில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன், சொல்லியிருக்க மாட்டேன், அவ்வளவுதான். நான் அடுப்புப் பக்கம் போய்ப் பாலில்லாத டீ போட்டேன். வியாபாரிக்குப் போன் பண்ணிக் கொட்டையோடு எடுத்துப் போகச் சொல்லிவிடலாம் என்று அப்போது முடிவு செய்துவிட்டேன். விற்றுவிட்டு, மீதிக்குப் பெங்களூருப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்க்கொள்ளலாம். ஊரில் எத்தனையோ பேர் போகிறார்கள்.

டம்ளர்களோடு திரும்பி வந்தபோது தலைவி என் சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டு புளி தட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நீங்க எதுக்கு…”

“சும்மா குந்திக்கிட்டு இருந்தா தூக்கம் வருதும்மா” என்றார். இன்னொருத்தி ஓடு உடைக்க ஆரம்பித்தாள். “வேற கல்லு இருக்கா?” என்று ஒருத்தி கேட்டாள். துணி துவைக்கிற கல்லைக் கொண்டுவந்து போட்டேன். சுத்தியல் ஒன்றுதான் இருந்தது. அம்மிக் குழவியைக் கொடுத்தேன். அது பெரிது, கொட்டையே நசுங்கியது. அவள் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வெளியிலிருந்து ஒரு கல் பொறுக்கி வந்தாள்.

இட்லிக்கடை அக்கா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “கடனக் கேக்க வந்தமா, கூலிக்கு வந்தமா?”

“கூலியா? யாரு குடுக்கறாங்க? சொல்லு, நானும் வாங்கிக்கறன்” என்றார் தலைவி. எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் இருந்த வசூல்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் போனது. இட்லிக்கடை அக்கா, பக்கத்தில் இருந்தவள் கையிலிருந்த புளியைப் பிடுங்கினார். “நாரோட தட்டிப் போடறியே, எவன்டி வாங்குவான்? குடு இங்க.” பிறகு அவர் நாரை உரித்துப் போட, அவள் தட்டினாள்.

மத்தியானம் வரைக்கும் அப்படியே போனது. நான் ஒரு வாரத்தில் எடுக்கிற புளி அன்று எடுத்து முடிந்திருந்தது. வசூல்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு அன்றையத் தவணையைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் போன பிறகுதான் தலைவி அந்தப் பேச்சை எடுத்தார்.

“மொத்தமாப் போடப் பணம் எங்க யாருகிட்டயும் இல்ல. நாளு இருக்குது. புளி தட்டி முடியற வரைக்கும் மத்தியானத்துக்கு மேல வரம். மாத்தாளா வச்சிக்க. எங்களுக்குக் களையெடுப்பு வரும், அறுப்பு வரும். அப்ப நீ வந்து கழிச்சிடு.”

மாத்தாள் எங்கள் பக்கத்தில் இருக்கிற வழக்கம்தான். இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ, கூலி கிடையாது. களையெடுக்கவும் அறுக்கவும் அப்படிப் போவோம். புளிக்கு யாரும் போனதில்லை. புளி காட்டு வேலை இல்லை, வியாபாரம்.

“வித்த கையோட நாங்க போட்ட தவணைப் பணம் மொதல்ல வந்துடணும்” என்றாள் ஒருத்தி. நான் தலையாட்டினேன்.

“எனக்கு என்னா காடா, கழனியா?” என்றார் இட்லிக்கடை அக்கா. “இவ நாள வாங்கி நான் என்னா பண்றது? மாவுல போட்டு ஆட்டறதா?”

ஆனால் மறுநாள் கடையை மூடிவிட்டு முதலில் வந்தது அவர்தான். சொந்தமாக ஒரு சுத்தியலும் கொண்டுவந்திருந்தார்.

பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் புளி தட்டும் சத்தம்தான். செவ்வாய்க்கிழமைத் தவணையை அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தக் கடையில் சேலை தள்ளுபடி என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஓடு உடைத்துக் கொடுத்துக்கொண்டும் டீ போட்டுக்கொண்டும் இருப்பேன். விரல் நுனியெல்லாம் புளி அரித்து எரியும். எல்லாருக்கும் அப்படித்தான் எரிந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாள் சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. வாசலில் காயப்போட்டிருந்ததை ஆளுக்கொரு பக்கம் தார்ப்பாயைப் பிடித்து உள்ளே இழுத்தோம். கொஞ்சம் நனைந்து கறுத்துவிட்டது. அதைத் தனியாக வைத்து, குறைந்த விலைக்குத்தான் விற்க முடிந்தது.

சித்திரை தொடக்கத்தில் தர்மபுரியிலிருந்து வியாபாரி வந்தார். ஒரு கைப்பிடியை அமுக்கிப் பார்த்துவிட்டு, “ஈரம் இருக்குதும்மா” என்று விலையைக் குறைத்தார். என் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இட்லிக்கடை அக்கா, “அண்ணா, அது உங்க கை வேர்வை. தொடச்சிட்டு மறுபடியும் புடிச்சிப் பாருங்க” என்றார். வியாபாரி சிரித்துவிட்டார். முழு விலை தரவில்லை, குறைத்ததில் பாதியை ஏற்றிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே அவர்கள் போட்ட தவணைப் பணத்தை வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை தலைவி வீட்டில் மீதிக் கடனை மொத்தமாகக் கட்டி முடித்தேன். லாபம் என்று சொல்ல ஒன்றும் நிற்கவில்லை. கம்மல் திரும்பி வந்தது. மருத்துவச் செலவுக்கு வாங்கிய கைமாற்றுப் பணத்தில் பாதி அடைந்தது. குழுவுக்கு அடுத்த கடன் வந்தபோது, “உனக்கு எவ்வளவு எழுதட்டும்?” என்று தலைவி கேட்டார். “எனக்கு வேணாங்க்கா” என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

அதன் பிறகு நாள் கழிக்கப் போனேன். தலைவியின் கடலைக் காட்டில் களையெடுத்தேன். மற்றவர்களுக்கும் நடவுக்கும் களைக்கும் போனேன். “ராத்திரிக்காவது வூட்டுக்கு வருவியா, இல்ல அங்கயே ஒரு பாய் போட்டுக்கறியா?” என்று என் வீட்டுக்காரர் கேலி பேசினார். கை சேர்ந்துவிட்டதால் அவரும் இரண்டு மூன்று நாள் எனக்காகப் போய் வந்தார். இட்லிக்கடை அக்காவின் நாட்கள் மட்டும் அப்படியே நின்றன. வழியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அவராகவும் கேட்கவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஆடி மாதம் ஒரு நாள் அவரே வீட்டுக்கு வந்தார். “நாளைக்கு விடிகாலைல கடைக்கு வந்துடு.”

“பாத்திரம் கழுவவாக்கா?”

“அதுக்கு ஆளு இருக்குது. பொண்ணுக்கு சீட்டு கெடச்சிருக்குடி. பணம் கட்டப் போறம். கடைய மூடுனா ஆளுங்க அந்தப் பக்கத்துக் கடைக்குப் பழகிடுவாங்க. நீ நின்னு பாத்துக்க.”

“முன்னாலயா? எனக்குப் பேச வராதேக்கா.”

“இட்லிக்கு என்னாடி பேச்சு? எத்தினின்னு கேளு. வையி. காச வாங்கு.”

மாவு ஆட்டி, சட்னி அரைத்து எல்லாம் தயாராக வைத்திருந்தார். முதல் பஸ்ஸுக்கு அவரும் மகளும் போய்விட்டார்கள். கடைக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அக்கா எங்கே என்று கேட்டார்கள். சொன்னேன். பஸ் டிரைவர் ஒருவர், “புது மொதலாளியாங்க? சட்னியாவது காரமா இருக்குமா, அதுவும் உங்கள மாதிரி அமைதிதானா?” என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே சட்னி ஊற்றினேன். இரண்டாம் தடவை கேட்டவர்களுக்கெல்லாம் சாம்பாரும் ஊற்றினேன். ஒருவர் காசு கொடுக்காமல் எழுந்து நடந்தார். கரண்டியை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். “அண்ணா, காசு” என்றேன். அவர் திரும்பி வந்து, மறந்துட்டன்மா என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மத்தியான பஸ்ஸில் அக்காவும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் கையில் கல்லூரியில் கொடுத்த பை இருந்தது. அக்கா நேராக உள்ளே போய் மாவுப் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு சாம்பார் அண்டாவைத் திறந்து பார்த்தார்.

“எம்மாடி. ஊருக்கே சாம்பார் ஊத்தியிருக்கறாளே. இன்னொரு நாள் உன்ன உட்டா நான் கடைய வித்துட்டுத்தான் போவணும்.” கல்லாவை எண்ணிப் பார்த்தார். மூடி வைத்தார். “சரி. ஒரு நாள் கழிஞ்சிது. அடுத்த வாரம் ஹாஸ்டல்ல கொண்டு போய் உடணும். அன்னிக்கும் நீதான்.”

“சரிக்கா” என்றேன்.

“சாம்பார் ஒரு கரண்டிதான்.”

“சரிக்கா.”