வண்டும் நானும் ஒரே ஊர்

பேரீச்சை மரத்தின் தூரைப் பிளந்து, உள்ளேயிருந்து செந்நிறத்தில் நீள மூக்கோடு ஒரு வண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார் அர்பாப். சவுதியில் தோட்ட முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். "இந்தா, உன் ஊர்க்காரன்" என்றார், அரபியும் இந்தியும் கலந்த பாஷையில். என் மூக்கும் சற்று நீளம்தான், மறுக்க வழியில்லை.

தென்னையைத் துளைக்கும் கூன்வண்டு அது. எங்கள் ஏரல் பக்கம் அதைத் தெரியாதவர் கிடையாது. மரக்கன்று ஏற்றிய ஏதோ கப்பலில் நம் பக்கத்திலிருந்து அந்தத் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஏஜெண்டிடம் அழுது, விசாவுக்குக் காத்துக்கிடந்து நான் போனேன். அது ஒரு கையெழுத்துகூடப் போடாமல் எனக்கு முன்பே போய், என்னைவிட நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மரங்களோ அர்பாபின் தகப்பனார் வைத்தவை. வெளியே பச்சையாக நிற்கும் மரம் உள்ளே கூழாகிக் கிடக்கும். வெட்டித் துண்டுபோட்டு எரித்தோம். அவர் என்னிடம் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "ஊர்க்காரனைக் கவனித்துக்கொண்டாயா?" என்று கேட்டுச் சிரிப்பார். புகை எழும்பும்போது மட்டும் தலைத்துணியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொள்வார்.

அங்கே சம்பாதித்ததையெல்லாம் ஏரலில் ஒரு தென்னந்தோப்பாக்கினேன். கடைசிக் காலத்தில் அதன் நிழலில் கட்டில் போட்டுக் கிடப்பது என் திட்டம். கிடந்தபடி அண்ணாந்து பார்த்த ஒருநாள், ஓலைகளின் அடியில் வட்டவட்டமாக வெள்ளைப் பொடி. கீழ் ஓலைகள் பிசுபிசுத்துக் கரிபிடித்திருந்தன. வெள்ளை ஈ.

"அமெரிக்காப் பக்கத்துப் பூச்சியாம்லா, மாப்ள" என்றார் என் மனைவியின் அண்ணன். "நீரு போவாத ஊர்ல இருந்துல்லாம் உம்மத் தேடி வருது வே."

மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரத்துக்கு மரம் கட்டினேன். மோட்டார் வைத்து ஓலைகளைக் குளிப்பாட்டினேன்; நானே அப்படிக் குளித்ததில்லை. மழை பெய்தால் குறையும், வெயில் ஏறினால் திரும்ப வரும். மரம் சாகவில்லை. காய்தான் சிறுத்து, குறைந்து, பறிப்புக்கூலிக்குக்கூடக் கட்டாமல் போயிற்று.

"வெட்டிருவோம் மாப்ள. செங்கச்சூளைக்காரன் லாரி அனுப்புதேங்கான்."

"அடுத்த வருசம் பாப்போமே மச்சான்."

"போன வருசமும் இதத்தான வே சொன்னீரு."

லாரி வந்த காலையில் அர்பாபுக்குப் போன் செய்தேன். குரல் தளர்ந்திருந்தது. "எங்கள் ஊருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரன் வந்துவிட்டான், அர்பாப்" என்று வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இன்று தோப்பை வெட்டுகிறோம் என்று சொல்லிவிட்டு, அவருடைய தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். "இப்போது மணல்தான்" என்றார். பிறகு, "வெட்டும்போது நீ அங்கே நிற்காதே" என்றார்.

நின்றேன். ரம்பம் ஓட ஆரம்பித்தது.

"மாப்ள, மேல விழுந்துரும். பைய அங்கிட்டுத் தள்ளி நில்லும்" என்று கைகாட்டினார் மச்சான். தள்ளிப் போனேன். அங்கேயும் ஒரு மரம் நின்றது. அதுவும் இன்றைக்கு விழவேண்டிய மரம்.