ஜெப்சனின் பணிவான பில்

ரோஜாப்பூ போடுவதா, அருவி போடுவதா என்று ஜெப்சன் வெகுநேரமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். ஒண்டிக்கடை முக்கில் நிறுத்திய குட்டி யானை வண்டிக்குள் உட்கார்ந்து, ஈரம் காயாத கட்டைவிரலால் போனில் படங்களைத் தள்ளுகிறார். கடைசியில் ரோஜாவே ஜெயிக்கிறது. அதன் கீழே, ‘ஸ்தோத்திரம்ங்க ஐயா’. பிறகு ஒரு வேத வசனம், வீட்டில் எல்லோரும் சுகமா என்ற விசாரிப்பு, ஏற்காட்டு மழை நிலவரம். தொகை இவற்றையெல்லாம் தாண்டி, ‘மேலும் படிக்க’ என்று போன் மடித்துவைக்கும் இடத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. இதுதான் ஜெப்சன் அனுப்பும் பில்.

பாசி பிடித்த பங்களாச் சுவர்களையும் ஓட்டுக் கூரைகளையும், தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் மெஷினால் வெளுத்துத் தருவது அவர் தொழில். மெஷினைக் கையில் பிடித்தால் ஆள் வேறு. எத்தனை வருடத்துப் பாசியானாலும் ஈவு இரக்கம் கிடையாது. காசு கேட்கும்போது மட்டும், தானே கடன்பட்டவர் மாதிரி நெளிவார். ஏன் இப்படி என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நான் கேட்டால்,

“எடுத்த எடுப்புல காசுன்னு ஆரம்பிச்சா அவங்க என்னங்க நெனப்பாங்க?”

அவர்கள் ஒன்றும் நினைப்பதில்லை. காலை வணக்கம் என்று எண்ணி, கும்பிடும் கை ஒன்றைத் திருப்பி அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நாகலூர் ரோட்டுப் பங்களாவின் பெங்களூர் முதலாளி மூன்று பில்லுக்கும் ‘ஆமென்’ என்று பதில் போட்டிருக்கிறார்.

“நொம்ப பக்தியானவருங்க” என்கிறார் ஜெப்சன், உண்மையாகவே மகிழ்ந்து.

அந்த மகிழ்ச்சி மனைவி ஷீனாவுக்கு இல்லை. மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை தவறிவிட்டது. சனிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் மெஷினைத் தூக்கிவிடுவோம் என்று பைனான்ஸ்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பூவெல்லாம் அனுப்பவில்லை.

“ஏனுங்க, ஆமெனைக் கொண்டுபோய்க் குடுத்தா பைனான்ஸ்காரன் வாங்கிக்குவானா? அந்த பெங்களூர்க்காரரு ஊட்டுல நீங்க கழுவாத கேட்டோரச் சுவத்துல பாசி அப்பிடியேதான இருக்குது? மெஷினை வெச்சு அதுல பெருசா எழுதிட்டு வாங்க, பதினெட்டாயிரம் பாக்கின்னு. பஸ்ல போறவங்க எல்லாம் படிக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை, நான் அதுவரை பார்த்திராத கோபத்தோடு ஜெப்சன் வண்டியை எடுத்தார். மெஷினும் போனால் இந்த மனிதர் என்ன செய்வார் என்ற கவலையில் நானும் ஏறிக்கொண்டேன்.

“இன்னைக்கு எழுதிப்புடறனுங்க. மரியாதையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாமுங்க.”

கேட்டோரம் இருந்தது சின்னச் சுவர். தொகையை எழுத அது தாராளம். ஜெப்சன் மெஷினை முடுக்கினார். நாகலூர் பஸ் வளைவில் வேகம் குறைய, ஜன்னலோரத் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின. பூட்டியிருந்த கேட்டைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, அவர் குழாயைச் சுவருக்கு நேராகப் பிடித்தார். பச்சைப் பாசி உரிந்து, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்தன.

‘ஸ்தோத்திரம்’ என்பதற்கே சுவர் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. ஜெப்சன் குனிந்து, மிச்சமிருந்த பாசியில் ‘ங்க ஐயா’வை நெருக்கி எழுத ஆரம்பித்தார்.