எதிரணியில் எங்கள் தேவசகாயம்

தேவசகாயம் என் அண்ணன் என்று இன்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலையில் பாளையங்கோட்டை மைதானத்தில் தூத்துக்குடி அணியோடு கால்பந்து. நான்கு வருடம் நமக்காக ஆடியவன், துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனவன், இன்று அவர்கள் பக்கம் நின்றான். நம்மவர்கள் எப்போதும்போல வெறுங்கால். அவன் காலில் பூட்ஸ்.

எனக்கு முன்னால் நின்ற ஜவுளிக்கடை அண்ணாச்சி கத்தினார்: “ஏலே தேவசகாயம், நம்ம மண்ணு இப்பம் ஒன் காலைச் சுடுதோ?”

நான் யாரென்று சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பார். அவர் மனதில் இருப்பதைக் கேட்கவேண்டும் என்றிருந்தது எனக்கு.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். பூட்ஸைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு ஆட இறங்கினான்.

“பாத்தீரா வே, நம்ம ஊருல பழகுன காலு!” என்று அண்ணாச்சி பக்கத்து ஆளிடம் பெருமையடித்தார். சற்று நேரத்தில் அந்தக் கால்தான் நம் கோலுக்குள் பந்தை அடித்தது.

அண்ணாச்சி கைதட்டிவிட்டார். பிறகு சுற்றும்முற்றும் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டார். நானும் கைதட்டிக்கொண்டிருந்தேன்; நிறுத்தவில்லை. தோற்கிற ஊர்க்காரி கைதட்டலாமா? நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஒரு கோலில் தோற்றோம். அண்ணாச்சி பூட்ஸை எடுத்து, தோள் துண்டால் மண்ணைத் துடைத்து, அண்ணன் கையில் கொடுத்தார்.